நன்மை செய்வதிலும் ஒரு நெறி

தீமை செய்வோரைக் கண்டித்து எழுந்த நூல்கள் பல. நன்மை செய்வோரை எச்சரித்து எழுந்தவை சிலவே. பெறுவோரின் இயல்பை அறியாமல் செய்யும் நன்மையும் குற்றமாக முடியக்கூடும் என்று, ‘தெரிந்துசெயல்வகை’ அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். மனிதர்க்குச் சொல்லப்பட்ட இவ்வறம் ஆற்றுக்கும் அதில் வாழும் மீனுக்கும் பொருந்துமா என்பதை ஆராய்வது தகும்.

காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத மீன் ஒன்று உண்டு. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த அதனைக் கூன்முதுகு மகாசீர் என்பர். திமில் போல் உயர்ந்த முதுகும் செம்மஞ்சள் துடுப்புகளும் உடையது. 1946-ஆம் ஆண்டு கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒரு மகாசீர் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ இருந்தது.

அணைகளாலும், வெடிவைத்து மீன் பிடிக்கும் கொடுமையாலும், மணற்கொள்ளையாலும் நம் ஆறுகளில் மகாசீர் அருகி வந்தது. அது கண்டு வருந்திய நல்லோர், 1970-களில் லோனாவ்லாவிலுள்ள பொரிப்பகத்தில் மகாசீர்க் குஞ்சுகளை வளர்க்கத் தொடங்கினர். அக்குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளில் விடப்பட்டன, காவிரியிலும் விடப்பட்டன. ஆனால் அவை நீலத்துடுப்பு மகாசீர் என்னும் வேறோர் இனம். கிருஷ்ணையின் கிளை நதிகள் அதன் தாயகம். காவிரியில் தூண்டிலிட்டோர் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த குறிப்பேடுகளை ஆய்ந்தபோது, நீலத்துடுப்பு பெருகியதும் கூன்முதுகு மறைந்து வந்ததும் புலனாயின. கூன்முதுகு மகாசீரின் சரியான அறிவியல் பெயர் 2018-இல்தான் உறுதி செய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே அது அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. வீட்டில் இருப்பவர் யார் என்று அறிவதற்கு முன்பே விருந்தினரை அழைத்துவந்து குடியேற்றிவிட்டோம்!

“மீன் குறைந்தது, மீனை விட்டோம். இதில் என்ன பிழை?” என்று கேட்கலாம். எண்ணிக்கை வேறு, வளம் வேறு என்பதே இதற்கு விடை. ஓர் இனத்தின் மீன்கள் ஒன்றுபோல் தோன்றினும் அவற்றின் மரபணுக்கள் பலவகைப்பட்டவை. ஒன்று வெப்பத்தைத் தாங்கும். ஒன்று நோயை வெல்லும். இந்த வேறுபாடே வறட்சியும் வெள்ளமும் மாறிவரும் ஆற்றில் அவ்வினத்தின் சேமநிதி. பொரிப்பகத்திலோ, சில தாய்மீன்களிலிருந்தே பல்லாயிரம் குஞ்சுகள் பிறக்கின்றன. அவை பெரும்பாலும் உடன்பிறப்புகள். தொட்டியில் தழைக்கும் பண்பே அங்கு தேர்வு பெறுகிறது. ஆற்றில் பிழைக்கும் பண்பு தேய்கிறது. நெருங்கிய இனங்கள் கலந்தாலோ, பல்லாயிரம் ஆண்டுகள் ஓர் ஆறு தனக்கென வடித்தெடுத்த மரபு கரைந்துபோகிறது. கங்கையின் குறுக்கே 1975-இல் ஃபராக்கா அணை வந்தபின், அலகாபாத் வரை ஏறிச்சென்ற ஹில்சா மீனின் வழி அடைபட்டது. அந்த இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. மீனவரின் வலை அதை உடனே சொல்லிற்று. மரபணு இழப்போ வலை நிறைந்திருக்கும்போதே நிகழ்வது.

இங்கே, பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழலாம். வந்தேறியால் கேடு என்ற சொல்லை நாமும் எங்கேனும் கேட்டிருப்போம். இந்த மீன்கதை அதற்குச் சான்றாகிவிடுமோ? ஆகாது. மனிதர் அனைவரும் ஒரே இனம். தில்லிக்கோ பம்பாய்க்கோ சென்ற தமிழர் வேறோர் உயிரினமாகச் செல்லவில்லை. அவர் தம் விருப்பத்தோடும் தேவையோடும் செல்கிறார்; ஊர்மொழி கற்கிறார்; அவ்வூருக்கு உழைக்கிறார். மீன் அங்ஙனம் வரவில்லை. அதைக் கொண்டுவந்து கொட்டியவர் நாம். நீலத்துடுப்பு மகாசீர் குற்றவாளி அன்று. கிருஷ்ணையில் அதுவும் காக்கப்பட வேண்டிய உயிரே. மீனின் நியாயத்தை எடுத்து மனிதர்மேல் சுமத்துவது, அறியாமல் நன்மை செய்வதினும் பெரிய பிழை.

அப்படியாயின் ஈகையைக் கைவிடுவதா? அதுவும் அறமன்று. பொரிப்பகம் தேவைப்படும் இடமும் உண்டு. எந்த ஆற்றுக்குக் குஞ்சு வேண்டுமோ, அந்த ஆற்றின் தாய்மீன்களையே, சிலவாக அன்றிப் பலவாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதற்கும் முன்னதாக, ஆறு எதனால் நலிந்தது என்று கேட்க வேண்டும். நீர் வற்றிய ஆற்றில் குஞ்சுகளைக் கொட்டுவது, பசித்தவனுக்குச் சோறிடாமல் புத்தாடை போர்த்துவதற்கு ஒப்பாகும்.

நீலகிரியின் அடிவாரத்தில் ஓடும் மோயாற்றில் கூன்முதுகு மகாசீர் எஞ்சி வாழ்வதை ஆய்வாளர் கண்டுள்ளனர். அதன் இயல்பறிந்து, அதற்குரிய நீரையும் வழியையும் விட்டுக்கொடுப்பதே இன்று நாம் செய்யத்தக்க நன்மை. கொடுப்பதைவிட விட்டுக்கொடுப்பது கடினம். அங்கேதான் நம் அறம் சோதிக்கப்படுகிறது.