அணிந்தவரும் படமும்

1956 ஆம் ஆண்டு ரோக்கியோவில் நடைபெற்ற குத்தாய்க் கலைக்குழுவின் கண்காட்சியில், அத்சுகோ தனாகா என்ற பெண் ஓவியர் மின்குமிழ்களாலும் வடங்களாலும் ஆன ஆடையொன்றை அணிந்து நின்றார். அதன் பாரமும் வெப்பமும் மின் தாக்கக்கூடும் என்ற அச்சமும் அவருடைய உடலுக்குரியன. இன்று எஞ்சியுள்ள புகைப்படங்களிலோ ஒளியே மிகுந்து தெரிகின்றது. தொழிற்சாலைப் பொருளை ஆடையாக்கியவரைப் படமெடுப்பவர், மனிதரைக் காட்டுகின்றாரா, பொருளையா?

இவ்வினா பின்னர் ஹராஜுக்கு வீதியிலே மேலும் கூர்மையுற்றது. 1997 இல் ஷோயிச்சி அவோகி தொடங்கிய ‘புரூட்ஸ்’ சஞ்சிகையில், பிளாஸ்ரிக், உலோகச் சங்கிலி, ஊக்கு முதலியவற்றைத் தம் விருப்பப்படி பூண்ட இளைஞர் இடம்பெற்றனர். தலை முதல் கால் வரை, கமராவை நேர்நோக்கி, தாம் படமாவதை அறிந்தே அவர்கள் நிற்கின்றனர். வயது, தொழில், எவ்வாடை எங்கே பெறப்பட்டது என்பனவும் அருகே அச்சிடப்பட்டன. தாமே தைத்ததாயின் அதுவும் கூறப்பட்டது. மறைந்திருந்து எடுக்கும் படத்துக்கு இந்த நேர்மை இல்லை. அணிந்தவரே ஆக்கியவர் என்பதை அச்சிறு குறிப்பு ஒப்புக்கொள்கின்றது.

ஆயினும் அச்சேறிய கோலம் அடுத்தவருக்கு மாதிரியாகிவிடுகின்றது. அவர் அணிவது ஆடையையா, படத்தையா என்பது ஐயத்துக்குரியது. படமெடுக்கத் தக்கோர் இல்லை என்று கூறி 2017 இல் அவோகி மாத வெளியீட்டை நிறுத்தினார். பழியை இளைஞர்மீது மட்டும் சுமத்துதல் முறையன்று. ஞாயிறுகளில் வாகனங்களை விலக்கி நடப்போருக்கு விடப்பட்டிருந்த அவ்வீதி, 1998 இலேயே மீண்டும் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டுவிட்டது.