முப்பது நாளில் முப்பது கோடி



1997-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அருணாச்சலம்' என்னும் திரைப்படத்தை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள். கிராமத்தில் வளர்ந்த ஓர் இளைஞன், தான் ஒரு பெரும் செல்வந்தரின் மகன் என்று அறிகிறான். தந்தை எழுதி வைத்த உயிலோ விநோதமானது. 30 கோடி ரூபாயை 30 நாளில் செலவழித்துத் தீர்க்க வேண்டும். முடிவில் அந்தப் பணத்தால் வந்த பொருள் எதுவும் கையில் மிஞ்சக் கூடாது. காரணத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. இதில் வென்றால் 3000 கோடி அவனுக்கு. 1902-இல் ஜார்ஜ் பார் மக்கச்சன் என்னும் அமெரிக்கர் எழுதிய நாவலிலிருந்து பிறந்த கதை இது. பல மொழிகளில் படமாகி, பல நாட்டு மக்களைச் சிரிக்க வைத்திருக்கிறது.

சிரித்தது போதும், சற்றுச் சிந்திப்போம். அந்த நிபந்தனைகளுள் மிகக் கொடியது எது? செலவழிப்பதன்று. யாரிடமும் சொல்லக் கூடாது என்பதே. அவனை நேசிப்பவர்கள் கண்ணீர் விட்டுக் கேட்டாலும் அவன் வாய் திறக்க முடியாது. பணம் அவனைச் சுற்றி ஒரு சுவரை எழுப்பிவிடுகிறது.

நற்செய்தியைத் திருப்பிப் பாருங்கள். லூக்கா 12-ஆம் அதிகாரத்தில், பங்குப் பிரிவினை வழக்கோடு ஒருவன் ஆண்டவரிடம் வருகிறான். அவனுக்கு அவர் தீர்ப்புக் கூறவில்லை. அறிவற்ற செல்வனின் கதையைக் கூறினார். அச்செல்வன் ஊதாரி அல்லன். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவன். ஆனால் அவன் யாரோடு கலந்து பேசினான்? தன் நெஞ்சோடு மாத்திரம். மனைவி என்றோ, பிள்ளை என்றோ, வயலில் உழைத்தவன் என்றோ ஒரு சொல்லும் இல்லை. 15-ஆம் அதிகாரத்து இளைய மகனோ தகப்பன் உயிரோடு இருக்கும்போதே பங்கை வாங்கிக்கொண்டு தூர தேசம் போனான். 'ஏனடா மகனே?' என்று கேட்க அங்கு ஆள் இல்லை. ஒருவன் சேர்த்துக் கெட்டான். மற்றவன் செலவழித்துக் கெட்டான். இருவரும் தனியாய் நின்று கெட்டார்கள்.

'சுவாமி, எங்களுக்கு ஏது 30 கோடி?' என்பீர்கள். உண்மைதான். ஆயினும் தோட்டத்துக் குடும்பத்தில் மொத்தமாய்க் காசு வருகிற ஒரு நாள் உண்டு. அது ஊழியர் சேமலாப நிதி கைக்கு வரும் நாள். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நிதி அது. சம்பளத்தில் தொழிலாளி நூற்றுக்கு 8, தொழில் கொடுப்பவர் 12 என்று சேர்ந்த பணம், பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் கிடைக்கக் கூடியது. அது பரிசன்று, யாரோ எழுதி வைத்த உயிலுமன்று. பனியிலும் மழையிலும் அட்டைக் கடியிலும் நம் தாய்மார் முதுகில் சுமந்த கூடையே அப்படிக் காசாகி வருகிறது.

அந்தக் காசு சில வீடுகளில் எப்படிப் போகிறது? அம்மாவின் கைநாட்டை வாங்கிக் கொண்டு அப்பா ஒரு வழியில் போகிறார். மகன் முச்சக்கர வண்டிக்கு முற்பணம் கட்டுகிறான். சாராயக் கடைப் பாக்கி தீருகிறது. சடங்கு வீட்டுக்கு ஒலிபெருக்கி வருகிறது. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. முப்பது வருட உழைப்பு முப்பது நாளில் முடிந்துபோகிறது. சினிமாக் கதாநாயகனுக்காவது 3000 கோடி காத்திருந்தது. நமக்குக் காத்திருப்பது பழைய கடன்தான்.

கையில் ஒன்றும் மிஞ்சாமல் போவது சினிமாவில் வேடிக்கை. மீரியபெத்தயில் அது வேடிக்கையன்று. 2014 அக்டோபர் 29-ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தாலியும் தட்டுமுட்டுச் சாமானும் வங்கிப் புத்தகமும் மனிதரோடு மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடுமில்லை, பெற்றோருமில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால், எழுந்து போவென்றால் எங்கே போவது? சொந்தமென்று சொல்ல ஒரு துண்டு நிலம் வேண்டுமே!

இதே ஊவா மலைகளில், ஹப்புத்தளைக்கு அப்பால் தம்பேதன்னையில், 1890-இல் தாமஸ் லிப்டன் தோட்டம் வாங்கினார். தேயிலையால் உலகப் புகழ் பெற்றார். 1931-இல் அவர் மறைந்தபோது, செல்வத்தின் பெரும்பகுதியைத் தாம் பிறந்த கிளாஸ்கோ நகருக்கு எழுதி வைத்தார். பிறந்த ஊரை மறவாதது நல்ல காரியம். ஆனால் கொழுந்து பறித்த கைகளுக்கு இம்மலைகளில் முதுசமாக வந்தது என்ன? படைக்கப்பட்டவை யாவும் மனிதர் எல்லாருக்கும் உரியவை என்று திருத்தந்தை 6-ஆம் சின்னப்பர் 1967-இல் தம் சுற்றுமடலில் போதித்தார். பாதுகாப்பான நிலம் கேட்பது பிச்சையன்று, நீதி. அதை ஒன்றாய் நின்று கேட்போம்.

அதற்கு முன்பு நம் வீட்டில் ஒன்றாய் இருக்கக் கற்போம். சேமலாபக் காசு வரும் நாளில், செபமாலை சொல்லி முடித்த பின் எல்லாரும் உட்காருங்கள். வங்கிப் புத்தகத்தை நடுவில் வையுங்கள். உழைத்தவள் முதலில் பேசட்டும், மற்றவர் கேளுங்கள். கடனுக்கு எவ்வளவு, பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு, முதுமைக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். பக்கத்து லயத்தில் அடுப்பெரியாத வீடு இருந்தால் அதற்கும் ஒரு வரி எழுதுங்கள். மீரியபெத்த மண்ணில் புதையுண்ட நாளில் நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் அரிசியும் உடுப்பும் வந்தனவே. அப்படி நமக்கு வந்ததில் ஒரு பங்கை நாமும் திருப்பிக் கொடுப்போம்.

பரம பிதாவே, எங்களுக்கு வருகிற காசு எங்களைப் பிரிக்காதிருக்கச் செய்தருளும். மண்ணில் மறைந்த எங்கள் சகோதரருக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும். ஆமென்.