தவலையில் வளரும் செடி

திருவனந்தபுரத்தில் கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைப் பகுதியிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தார் இல்லங்களில் இக்காலத்தே ஒரு புதிய காட்சியைக் காண்கிறோம். பாட்டியார் காலத்துப் பித்தளைத் தவலை பரணிலிருந்து இறங்கி, புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கப்பெற்று, ஒரு பெரணிச் செடியைத் தாங்கிச் சன்னலோரத்தில் வீற்றிருக்கிறது. கிண்டியில் மணிபிளான்ட் கொடி படர்கிறது. பார்வைக்கு இனிமைதான். ஆயினும் முதியோர் சிலர் முகம் சுளிக்கின்றனர். "சோறு கண்ட பாத்திரத்தில் மண்ணள்ளிப் போடுவதா?" என்பது அவர்தம் கேள்வி. சோற்றில் மண்ணள்ளிப் போடுதல் என்பது நம் வழக்கில் பெருங்கேட்டுக்குப் பெயரன்றோ! இளையோர் கூறும் விடையையும் எளிதில் தள்ளிவிட இயலாது. பரணில் களிம்பேறிக் கிடப்பதிலும், பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போவதிலும் இது மேல் என்கின்றனர் அவர்கள்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுமுன், இப்பாத்திரங்கள் வந்த வழியைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம். நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் இந்நகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் சீர்வரிசையாகக் கொண்டுவந்தவை இவை. நாஞ்சில் நாட்டுப் பெண்ணுக்கு அன்று இது வேற்று மாநிலமும் அன்று. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஒரே இரவில், வீடு அசையாமலே, இங்கிருந்தோர் பலர் வேற்று மாநிலத்தவராயினர். அவர்களுடைய குடங்களும் தவலைகளும் அப்படியேதான் இருந்தன. அவற்றின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய தமிழ்ப் பெயர்களும் அப்படியே இருந்தன.

பிறகு ஏன் அவை பரண் ஏறின? நம் அலட்சியமே காரணம் என்று முதியோர் கூறுவர். அது முழு உண்மையன்று. கரமனையாற்றின் நீர் அருவிக்கரையிலிருந்து 1933-ஆம் ஆண்டில் குழாய் வழியே நகருக்கு வரத் தொடங்கிய பின்னர், குடங்களின் வேலை மெல்ல மெல்லக் குறைந்தது. புளிக்குழம்பு பித்தளையில் நின்றால் செம்பு கரைந்து களிம்பாகும். ஆகவே உள்ளே வெள்ளீயம் பூசவேண்டும். துருத்தியும் நவச்சாரமும் சுமந்து, தெருவிலே கரியடுப்பு மூட்டி, பழந்துணியால் ஒரு சுழற்றில் பாத்திரத்தின் உட்புறத்தை வெள்ளியாக்கிக் காட்டிய ஈயம் பூசுவோர் அருகிவிட்டனர். எவர்சில்வருக்கு அந்தத் தொல்லை இல்லை. விறகடுப்பில் கம்பீரமாக அமர்ந்த பெருந்தவலை எரிவாயு அடுப்பின் மேல் தள்ளாடுகிறது. பெண்டிரின் இடுப்பு நோவு குறைந்ததனால் ஓய்வு பெற்ற பாத்திரங்கள் இவை. இதற்காக வருந்துவோர், நாள்தோறும் நீர் சுமந்தவர்களைக் கேட்டபின் வருந்தட்டும்.

வேலையற்றுப் போன ஒரு பாத்திரத்தை என்செய்வது என்னும் வினாவை மணிமேகலைக் காப்பியமே எழுப்பியிருக்கிறது. ஆபுத்திரன் கையில் அமுதசுரபி இருந்தது. இந்திரன் மழையைப் பெய்வித்து நாட்டை வளமாக்கியதும், இரந்துண்பார் எவரும் வரவில்லை. வளமே அப்பாத்திரத்தை வறிதாக்கிற்று! பின்னர் ஆளற்ற மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்ட அவன், அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டான். ஆண்டுக்கொருமுறை மேலெழுந்து அருளுடையார் கையை அடைக என்று வேண்டிக்கொண்டே விட்டான். ஓய்வு கொடுத்தானேயன்றி, அதன் தொழிலை அவன் பறிக்கவில்லை. அதனாலன்றோ அது பின்னாளில் மணிமேகலையின் கைக்கு வந்து, ஆதிரையின் முதற் பிச்சையை ஏற்றது!

இங்கே ஒரு தடை எழும். நம் முன்னோர் பாத்திரத்தைத் தெய்வமாக வைத்துப் பூட்டினார்களா? இல்லை. நெளிந்ததையும் ஓட்டையானதையும் கன்னாரிடம் கொடுத்து, கூலி அளித்துப் புதியது வாங்கினர். பழைய பெயர் உலையில் உருகிற்று. உலோகம் இன்னொரு வீட்டில் மீண்டும் உலை ஏற்றிற்று. எடைக்குப் போடுவதை இழிவென்று கருதும் நாம் இதையும் நினைவிற் கொள்ளவேண்டும். உருகுவது பித்தளைக்கு இறப்பன்று.

அப்படியாயின் உண்மையான கேடு எங்கே நேர்கிறது? செடியில் அன்று, துளையில். நீர் வடிய வழியில்லாவிடில் வேர் அழுகும். எனவே அடியில் துளை போடுங்கள் என்று சிலர் யோசனை கூறுகின்றனர். பாத்திரம் என்னும் சொல்லுக்குத் தமிழில் தகுதி என்றும் பொருளுண்டு. அன்புக்குப் பாத்திரமானவர் என்கிறோம். ஏற்றுக்கொள்ளும் ஆற்றலே அதன் தகுதி. துளையிட்ட தவலை நாளை எந்தத் திருமணத்திலும் பாயசம் ஏற்காது. பித்தளையால் ஆன தொட்டியாகிவிடும். அத்துளையைப் போடுவதற்கு ஒரு நிமிடம் போதும். ஒரு முடிவும் வேண்டும், இனி இவ்வீட்டில் பத்துப் பேர் கூடி உண்ணப் போவதில்லை என்று. அம்முடிவை எடுத்ததை அறியாமலே எடுத்துவிடுகிறோம் என்பதே என் மனக்குறை.

துளையின்றியும் வளர்க்கலாம். சிறு மண்தொட்டியில் செடியை நட்டு, தவலைக்குள் கூழாங்கற்களைப் பரப்பி அதன்மேல் வைத்துவிடலாம். ஈரமண் நேரே பித்தளையில் படிந்தால் செம்பு கசியும். மிகுந்த செம்பு வேருக்கும் ஆகாது. செடிக்கும் கலத்துக்கும் ஒருசேர நன்மை தரும் ஏற்பாடு இது. தேவையான நாளில் தொட்டியை வெளியே எடுத்து, கலத்தைக் கழுவி ஈயம் பூசிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. பழம்பொருள் போன்றே செய்த புதுப் பாத்திரங்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. சன்னலோரத்தில் அதற்கும் நம் தவலைக்கும் வேற்றுமை தெரிவதில்லை, வந்த விருந்தினர், "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்கின்றனர். வேற்றுமை அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அதையோ பல வீடுகளில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கின்றனர், அழகைக் கெடுக்கும் கீறல் என்று எண்ணி! தமிழைப் பள்ளியில் பயிலாத நம் பிள்ளைகளுக்கு, அவ்வீட்டில் நாள்தோறும் கண்ணிற்படும் தமிழெழுத்து அது ஒன்றாகவே இருக்கக்கூடும்.

வலியசாலையில் ஒரு வீட்டில் பெயரை முன்பக்கமாகவே வைத்திருந்தனர். துலக்கித் துலக்கி எழுத்துகளில் பாதி தேய்ந்துவிட்டன. முதலெழுத்து பகரமா வகரமா என்று தாயும் மகளும் என் எதிரிலேயே வாதிட்டனர். நாகர்கோவிலிலுள்ள அத்தையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, அது பாட்டியின் பெயரே அன்று. பாட்டிக்கு முன்னே அக்குடும்பத்திற்கு வாழ்க்கைப்பட்டு வந்த அவருடைய மாமியாரின் பெயர்.