மருத்துவன் உவமை யார் சொல்லத்தக்கது?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

குறிஞ்சிப்பாடியில் நெசவாளர் இல்லம் ஒன்றில், மகனை இழந்த தாயார் ஒருவரைத் துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தோம். பெருமாள் திருமொழியின் ஐந்தாம் பதிகத்தில் குலசேகராழ்வார் எடுத்தாண்ட உவமை நம் நாவில் வந்தது. மருத்துவன் அறுத்துச் சுட்டாலும் நோயாளனுக்கு அவன்பால் அன்பு மாறாது. அதுபோல எம்பெருமான் தரும் துயரையும் ஏற்கவேண்டும் என்றோம். அம்மையார் மறுமொழி கூறாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆழ்வார் திருவாக்கு எங்ஙனம் புண்ணாயிற்று என்னும் வினா அன்றுமுதல் நம்மை விடவில்லை.

அப்பதிகத்தை மீண்டும் அநுஸந்தித்தபோது நம் பிழை விளங்கிற்று. தாய் வெறுத்துத் தள்ளினும் அவளையே நினைந்து அழும் குழவி, கொடுங்கோல் மன்னனையே நோக்கி வாழும் குடி, கரை காணாது மீண்டும் மரக்கலத்தின் கூம்பேறும் பறவை என ஆழ்வார் துயருறும் பக்கத்திலேயே நின்று பேசுகிறார். அவர் பேசுவதும் வித்துவக்கோட்டு எம்பெருமானிடமே, துயருறும் வேறொருவரிடமன்று. அறுபடுகிறவன் சொல்லும்போது அவ்வுவமை சரணாகதி. அருகிருந்து பார்ப்பவன் அதனையே எடுத்துச் சொன்னால் அது தீர்ப்பாகிவிடுகிறது.

அவ்வாறாயின் பிறர் துயரில் நாம் சொல்லத்தக்கது யாது? திருவாய்மொழி இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழி இங்கு நினைக்கத்தக்கது. எம்பெருமானைப் பிரிந்த பராங்குச நாயகி நாரை, அன்றில், கடல், காற்று, மேகம், மதி, இருள், கழி, விளக்கு ஆகியவற்றைக் கண்டு, அவையும் தன்னைப்போல் பிரிவால் நோவுபடுவனவாகக் கொண்டு இரங்குகிறாள். நாரையின் வெண்மை இயற்கை, மதியின் தேய்வும் இயற்கை. அவற்றை நோவெனக் கொள்வது மயக்கமன்றோ எனலாம். தன் நோவுக்குத் தானே வடிவு காண்கிற மயக்கம் அது. "ஏன் அழுகிறாய்?" என்று எதனையும் அவள் கேட்கவில்லை, எதற்கும் தத்துவம் உரைக்கவுமில்லை. "நீயும் என்னைப்போலவோ?" என்று உடன் நிற்கிறாள். நம்பிள்ளை ஈட்டின் வழி இப்பதிகத்தைக் கற்கும் நாம், துயருற்றாரோடு துயருறும் இந்நிலையைக் கைக்கொள்ள மறந்தோம்.

நியூசிலாந்து உளசிகிச்சையாளர் டேவிட் க்ரோவ் 1980களில் வகுத்த முறையும் இதற்கு அணித்தே நிற்கிறது. சிகிச்சை செய்பவர் தம் உருவகத்தைப் புகுத்தாமல், துயருற்றார் வாயில் தானே எழும் உருவகத்தைக் கேட்டு, அவர் சொற்களைக்கொண்டே மேலும் வினவவேண்டும் என்பது அதன் நெறி. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. சிகிச்சை துயரின் தணிவை நாடுகிறது. ஆழ்வாரோ தணிவை வேண்டாது, பிரிந்தவனையே வேண்டுகிறார். ஆகவே பாசுரத்தை மருந்துச் சீட்டாகக் கொள்வதும் நமக்கு ஏற்புடையதன்று.

சில திங்கள் கழித்து அந்த இல்லத்திற்கு மீண்டும் சென்றோம். இம்முறை ஒன்றும் உரைக்கவில்லை. நெடுநேரம் கழித்து அம்மையார் தாமே பேசினார்: "தறியில இழை அறுந்தா முடி போட்டு நெய்துடுவோம் சாமி. துணி முடியும். கையை வெச்சா முடிச்சு தெரியும்."

அதனினும் மெய்யான உவமையை நாம் தந்திருக்க இயலாது. "எந்த இடத்தில் தெரிகிறது அம்மா?" என்று மட்டும் கேட்டோம். அன்றுதான் மகனின் பெயரைச் சொல்லி அவர் அழுதார், நாமும் உடனிருந்தோம்.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.