விடை சரி, வழி சரியா?

கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடம். முதலாண்டு மாணவன் ஒருவன் தனி ஊசல் சோதனையைச் செய்துகொண்டிருக்கிறான். 100 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசல் இருபது முறை அலைவதற்குச் சுமார் 40 விநாடிகள் ஆகும். அந்த நேரத்தைத் துல்லியமாக அளந்தால் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டுவிடலாம். பாடநூல் கூறும் மதிப்பு ஏறத்தாழ 980. அவனுக்குக் கிடைத்ததோ 956.

கடிகாரத்தை நிறுத்துவதில் அரை விநாடி தாமதமானால் போதும், விடை சுமார் 24 அலகுகள் மாறிவிடும். மீண்டும் அளந்து பார்க்க நேரமில்லை. விடை எதுவாக இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அதற்குப் பொருத்தமான நேரத்தைப் பதிவேட்டில் எழுதிவிடுகிறான். விடை 979; மதிப்பெண்ணும் முழுமையாகக் கிடைக்கிறது.

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. எழுதிய விடையும் சரியானதே. அப்படியானால் இதில் தவறு என்ன? சிறியதாகத் தோன்றும் இந்தக் கேள்வி, விஞ்ஞானக் கல்வியின் அடிப்படையையே தொடுகிறது.

தியாகத்தில் எழுந்த கல்லூரி

1914, மார்ச் 27 அன்று கல்கத்தாவில் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. உயர்நீதிமன்ற நீதிபதியும் கணித மேதையுமான துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி கண்ட கனவு அது. அரசாங்கக் கருவூலத்தைவிட அதற்குப் பெரிதும் கைகொடுத்தவர்கள் இரண்டு வழக்கறிஞர்கள். தாரகநாத் பாலித் தமது நிலத்தையும் செல்வத்தையும் அளித்தார். ராஷ்பிஹாரி கோஷ் 1913-இல் பத்து லட்சம் ரூபாய் வழங்கினார். தங்கள் நன்கொடையால் அமையும் பேராசிரியர் பதவிகளில் இந்தியர்களே அமர வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை.

1916-இல் வேதியியல் பேராசிரியராக அங்கு வந்த பிரபுல்ல சந்திர ராய், கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் எளிமையாக வாழ்ந்தார். 1921-இல் அறுபது வயது நிறைந்தபோது, அதன்பின் தமக்கு வரவேண்டிய சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்திற்கே விட்டுக்கொடுத்தார். 1936-இல் ஓய்வு பெறும்வரை பணியாற்றினார். மத்திய நிதித் துறையில் உயர்ந்த பதவி வகித்த தமிழரான சி.வி. ராமன், 1917-இல் அதைத் துறந்து, குறைந்த ஊதியம் தரும் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார். இத்தகையோர் வளர்த்த விஞ்ஞானத்தில், வழியின் தூய்மை எத்தகைய இடத்தைப் பெற்றிருந்தது?

விடை பொருந்தினால் போதுமா?

அங்கு ஆரம்ப நாட்களில் ஆசிரியர்களாகச் சேர்ந்தவர்களில் இருவர் சத்யேந்திரநாத் போஸும் மேகநாத சாஹாவும். நவீன இயற்பியலைக் கற்பிக்கப் போதிய நூல்கள் ஆங்கிலத்தில் இல்லாததால் இருவரும் ஜெர்மன் மொழி நூல்களை நாடினர். சார்பியல் பற்றிய ஐன்ஸ்டீனின் கட்டுரைகளை மொழிபெயர்த்து, 1920-இல் பல்கலைக்கழகத்தின் வாயிலாக நூலாக வெளியிட்டனர்.

அடுத்த ஆண்டு போஸ் டாக்கா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். வெப்பக் கதிர்வீச்சைப் பற்றி மாக்ஸ் பிளாங்க் கண்ட சூத்திரம், பரிசோதனைகளோடு மிக நன்றாகப் பொருந்தியது. அதன் விடையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த விடைக்கு இட்டுச்செல்லும் நிரூபணம், பழைய கொள்கையையும் புதிய கொள்கையையும் ஒன்றுக்கொன்று முரணாகக் கலந்திருந்தது. போஸின் மனம் அதை ஏற்கவில்லை. தனக்கே நிறைவு தராத ஒன்றை ஓர் ஆசிரியர் எப்படிக் கரும்பலகையில் எழுதுவார்?

ஒளித்துகள்களை ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடியாதவையாகக் கொண்டு எண்ணும் புதிய முறையை அவர் கண்டார். 1924-இல் தமது கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீனே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். சூத்திரம் பழையதுதான். ஆனால் வழியைச் செம்மை செய்தபோது இயற்கையின் புதியதோர் இயல்பு வெளிப்பட்டது. 'விடைதான் பொருந்துகிறதே!' என்று போஸ் அமைதியடைந்திருந்தால் அந்தக் கதவு அவருக்குத் திறந்திருக்காது.

மறைய மறுத்த ஒளி

ராமனின் ஆய்வுக் குழுவிலும் இத்தகைய ஒரு நிகழ்ச்சி உண்டு. 1923-இல் கே.ஆர். ராமநாதன், திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒளி செல்லும் பாதையில் ஒரு நிறவடிகட்டி. பார்ப்பவரின் முன்னால் அதற்கு எதிரான மற்றொரு வடிகட்டி. முதலாவது விட்ட ஒளியை இரண்டாவது முழுவதும் தடுத்துவிட வேண்டும். ஆயினும் மங்கலான ஓர் ஒளி எஞ்சியது. திரவத்திலுள்ள மாசே காரணம் என்று கருதி, அதை மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தினார். ஒளி மறையவில்லை.

'இருக்கக் கூடாதது' என்று அதைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கிவிடுவது எளிது. அவர்கள் அதை நீக்கவில்லை. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் தொடர்ந்து ஆராய்ந்ததன் பயனாக, 1928 பிப்ரவரி 28 அன்று அந்த மங்கலான ஒளியின் பொருள் தெளிவாயிற்று. 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஊசலின் முன்னால் நின்ற மாணவன் இழந்தது என்ன என்பது இப்போது புரிகிறது. 956 என்ற எண், அவனது கையின் தாமதத்தை அவனுக்குச் சொல்ல வந்த ஆசான். அந்த ஆசானின் வாயை அவன் மூடிவிட்டான். 979 என்ற சரியான எண் அவனுக்கு எதையும் கற்பிக்கவில்லை.

பிழைப்பும் வாய்மையும்

"மேதைகளுக்கு இது பொருந்தலாம். குடும்பத்தைக் காப்பாற்ற வேலை தேடும் ஏழை மாணவனுக்கு மதிப்பெண் அல்லவா முக்கியம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

மேகநாத சாஹா, டாக்கா அருகே ஒரு கிராமத்தில் சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். ராமன் துறந்த அதே நிதித் துறைப் பணிக்கான தேர்வை எழுத அவர் விரும்பினார். அரசியல் தொடர்புகளைக் காரணம் காட்டி ஆங்கில அரசு அனுமதி மறுத்தது. ஒருவர் துறந்ததும் மற்றவர் விரும்பியதும் ஒரே பணி, இருவரும் வணக்கத்திற்குரியவர்களே. எனவே பிழைப்புக்காகக் கற்பதில் இழிவில்லை. வேலைக்குத் தேவை திறமை; பொய்யான அளவீடு திறமையை வளர்ப்பதில்லை. நாளை அதே கை பாலத்தின் வலிமையையோ மருந்தின் அளவையோ பதிவு செய்யும்போது, அரை விநாடிப் பொய் ஓர் உயிரைக் கேட்கலாம்.

விஞ்ஞானம் மட்டும் போதுமா?

அப்படியானால் விஞ்ஞானம் கற்றவர் எல்லோரும் நல்லவராகிவிடுவார்களா? இல்லை. இதற்கும் சாஹாவின் வாழ்க்கையே சான்று. கல்கத்தாவில் பயின்ற காலத்தில், அவரது சாதியைக் காரணம் காட்டி, தங்களோடு அவர் ஒரே கூடத்தில் உண்பதை விடுதி மாணவர் சிலர் எதிர்த்தனர். சான்றில்லாமல் எதையும் ஏற்கக் கூடாது என்று வகுப்பறை அவர்களுக்குக் கற்பித்தது. உணவுக்கூடத்திற்கு அந்தப் பாடம் வந்துசேரவில்லை. பின்னாளில் விண்மீன்களின் நிறமாலைக்கு விளக்கம் தந்தவரை, உடன் படித்தவர்களே மனிதனாக மதிக்கவில்லை.

சாந்தோக்கிய உபநிஷதத்தில் நாரதர் சனத்குமாரரிடம் வருகிறார். வேதங்கள், கணிதம், வானியல் என்று தாம் கற்றவற்றையெல்லாம் அடுக்குகிறார். இவ்வளவும் கற்றும் துயரம் நீங்கவில்லை, தன்னை அறியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். நாரதர் கற்றது பொய்யல்ல. அது அவருக்குள் இறங்க வேண்டியிருந்தது. தன் குறையை மறைக்காமல் சொன்ன அந்த நேர்மையே அவரை மேலும் கற்கத் தகுதியுள்ளவராக்கியது.

ஆய்வுக்கூடத்தில் பழகும் வாய்மை உணவுக்கூடத்திற்கும் வீட்டுக்கும் அலுவலகத்திற்கும் வர வேண்டும். அப்போதுதான் கல்வி பண்பாக மலரும். அதற்கான முதற்படி மிக எளியது. அந்த மாணவன் பதிவேட்டில் 956 என்றே எழுதட்டும். அதன் கீழே, "கடிகாரத்தை நிறுத்துவதில் தாமதம் நேர்ந்திருக்கலாம்" என்று ஒரு வரி சேர்க்கட்டும். இரண்டு மதிப்பெண் குறையலாம். ஆனால் அன்று அவன் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு விஞ்ஞானியாக வெளியே வருவான்.