கழற்றிய பெல்ட்டும் மூன்றாம் அளவையும்

சைவ சித்தாந்தம் அறிவுக்கு மூன்று அளவைகளைச் சொல்லும்: காண்டல், கருதல், உரை. முதல் இரண்டோடு எனக்கு வழக்கில்லை. பிறர் சொல்லை, அது ஆகமமாகவே இருக்கட்டும், அறிவுக்கு வாயில் என்று ஏற்கத்தான் மனம் வந்ததில்லை. மணிமேகலையில் வரும் பூதவாதி காட்சியைத் தவிர எதையும் ஒப்பமாட்டான். இளம் வயதில் அவன்தான் எனக்குப் பிடித்த ஆள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்தில், முதல் வேலையாக அவனைப் போலவே காட்சியை மட்டும் நம்பும் உலகாயதனை மறுக்கிறார். அந்தப் பகுதியைக் கோபத்தோடுதான் படித்தேன்.

ஹூஸ்டனில் என் வீட்டு காரேஜில் 2003 ஹோண்டா ஒடிஸிக்கு டைமிங் பெல்ட் மாற்றும்போது அவர்கள் எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள். கழற்றிய பெல்ட்டை வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்தேன். விரிசல் இல்லை, பல் தேயவில்லை. பூதவாதியிடம் கொடுத்திருந்தால் "திரும்ப மாட்டு" என்றிருப்பான்.

வாட்டர் பம்பின் கதை வேறு. கசிவு வெளியே தெரிவதற்கென்றே அதில் விட்டிருக்கும் சிறு துளையைச் சுற்றி, கூலன்ட் காய்ந்த கறை. ஒழுகியதை நான் பார்க்கவில்லை. உள்ளே சீல் தளர்ந்துவிட்டதைக் கறை சொல்லிற்று. தருக்க நூல்கள் புகையைக் கொண்டு தீயை நிறுவுவது இப்படித்தான். இந்த எஞ்சினில் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட். பம்பின் பேரிங் இறுகினால் பெல்ட்டையும் கெடுத்துவிடும்.

ஆனால் பெல்ட்டில் கண்டதும் இல்லை, கருதுவதற்குக் கறையும் இல்லை. ரப்பருக்குள் புதைந்த இழைகளின் தளர்ச்சி வெளியே தெரியாது. அறுந்தால் கேம்ஷாஃப்ட் நின்றுபோகும். திறந்தபடி நின்ற வால்வுகளில் பிஸ்டன் மோதும். எஞ்சின் கதை முடிந்தது. 1,05,000 மைல் அல்லது 7 ஆண்டு என்ற தயாரிப்பாளரின் வாக்கை நம்பித்தான், நல்லதாகத் தெரிந்த ஒன்றைக் குப்பையில் போட்டேன். உரையன்றி வேறென்ன?

சித்தாந்தம் படித்த நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "வழிக்கு வந்துவிட்டீர்கள்" என்றார். பாதி வழிக்குத்தான். கையேடு சொல்வதை யாரும் பெல்ட்டுகளை ஓடவிட்டுச் சோதித்துப் பார்க்கலாம். ஆகமத்தையோ, அது இறைவன் மொழி என்பதற்காகவே ஏற்கச் சொல்கிறார்கள். உரையும் அளவைதான் என்று இப்போது ஒப்புகிறேன். சொன்னவர் எப்படி அறிந்தார் என்று கேட்பதை மட்டும் விடுவதாக இல்லை.

நீங்களும் பழைய வண்டி வைத்திருந்தால் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஓடிய தூரம் குறைவாக இருந்தாலும், ஆண்டுக் கணக்கு தாண்டியிருந்தால் பெல்ட்டை மாற்றிவிடுங்கள்.