கொடி மறைக்கும் மதில்

"வீட்டின் பின்புறத் தோட்டத்து மதில் பார்க்கவே சகிக்கவில்லை. மேற்பூச்சு இல்லாத சாம்பல்நிறச் சிமெண்ட் கற்கள். உச்சியில் பதித்த கண்ணாடிச் சில்லுகள். ரங்கூன் மல்லிக் கொடியை அதன்மீது படரவிட எண்ணினேன். ஆனால் உள்ளே ஓர் உறுத்தல். குறையை நீக்காமல் மூடி மறைப்பது போலித்தனம் ஆகாதா?" பணி நிமித்தம் டெல்லியில் வசிக்கும் அன்பர் ஒருவர் இவ்வாறு வினவியிருந்தார்.

சிறிய வினாதான். ஆயினும் எளிதில் ஒதுக்கிவிடத் தக்கதன்று. ஆடை, இன்சொல், துயரை வெளிக்காட்டாத புன்முறுவல் என்று மனிதன் எத்தனையோ திரைகளுடன் வாழ்கிறான். அனைத்தையும் பொய்யென்று தள்ளினால் இல்லறமும் நடவாது, துறவறமும் நடவாது. அனைத்தையும் ஏற்றுக்கொண்டாலோ, வாய்மை என்னும் சொல் பொருளற்றதாகிவிடும்.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் இவ்விஷயத்தில் சிறிதும் விட்டுக்கொடாதவர். நண்பனைக் கொல்லத் தேடி வருபவனிடம்கூடப் பொய் கூறலாகாது என்று 1797-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வாதிட்டார். அத்தகையவரும், சொல்லாமல் இருப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல என்பதை ஏற்றார். சிமெண்ட் சுவரில் செங்கல் அடுக்கியதுபோல் வண்ணம் தீட்டுபவர் இல்லாத ஒன்றைச் சொல்கிறார். இன்று கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் இலைத் தட்டிகளும் அவ்வகையே. ரங்கூன் மல்லியோ அந்தியில் வெண்மையாக மலர்ந்து, அடுத்த நாட்களில் இளஞ்சிவப்பாகிப் பின் செந்நிறம் கொள்கிறது. தான் ஒரு கொடி என்பதைத் தவிர வேறெதையும் அது அறிவிப்பதில்லை. சுவரைப் பற்றி மௌனம் காக்கிறது, அவ்வளவே.

ஆனால் எல்லா மௌனமும் குற்றமற்றதா? இங்கே கொடிகளின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. ரங்கூன் மல்லி சுவரில் ஒட்டுவதில்லை. கம்பியோ மரச்சட்டமோ கட்டித் தாங்க வேண்டும். சுவரையே பற்றி ஏறும் அத்தி இனக் கொடி ஒன்றும் தோட்டங்களில் உண்டு. சார்லஸ் டார்வின் அதன் சிறு வேர்களைக் கண்ணாடித் துண்டுகளில் பதியவைத்து ஆராய்ந்தார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவற்றிலிருந்து பசைபோன்ற நுண்துளிகள் கசிவதைக் கண்டு, கொடிகளைப் பற்றி 1865-இல் வெளியிட்ட தமது கட்டுரையில் எழுதினார். இத்தகைய கொடிகள் சுவருக்குக் கேடு செய்யுமா என்பது நெடுநாளைய சர்ச்சை. இங்கிலாந்தில் பழஞ்சின்னங்களைப் பேணும் அமைப்புக்காக ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐவிக் கொடியை ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். உறுதியான சுவரைக் கடுங்குளிரிலிருந்தும் வெப்பத்திலிருந்தும் அக்கொடி ஓரளவு காக்கிறது. ஏற்கெனவே விரிசல் கண்ட சுவரிலோ வேரை உள்ளே செலுத்தி அதனை மேலும் பிளக்கக்கூடும் என்பது அவர்கள் கண்டது.

நம் நாட்டில் இதற்கு வேறொரு முகமும் உண்டு. பறவையின் எச்சத்தில் வந்த அரச விதை சுவரின் வெடிப்பில் முளைக்கிறது. திறந்த சுவராயின் இரண்டு இலை விட்டதுமே கண்ணில் பட்டுவிடும்; பிடுங்கி எறியலாம். கொடியின் மறைவிலோ, சுவர் விரியும்போதுதான் அது தெரியவரும். அழகின்மை வேறு, பழுது வேறு. அழகற்றதை மறைப்பதில் எவருக்கும் இழப்பில்லை. பழுதை மறைக்கும்போது, அதனைச் சரிசெய்யக் கிடைத்த காலத்தையும் சேர்த்தே இழக்கிறோம். கோபத்தை இன்சொல்லால் மூடும் குடும்பங்களில் இதனைக் காணலாம். பேசித் தீர்த்திருக்க வேண்டியது உள்ளேயே வேர்விட்டுக்கொண்டிருக்கும்.

அன்பர் குறிப்பிட்ட கண்ணாடிச் சில்லுகள் இன்னும் கடுமையானவை. அவை வெளியே தெரியும்வரை ஓர் எச்சரிக்கையாகவேனும் இருக்கின்றன. இலைகள் மூடியபின், பந்தெடுக்க ஏறும் சிறுவனின் கையை அவை எச்சரிக்கையின்றிக் கிழிக்கும். அப்போது அக்கொடி மௌனம் காக்கிறது என்று கூறவியலாது. அது பொறியை மூடிய இலைச்சருகு.

மதிலை விட்டு மனிதரிடம் வந்தால் வினா மேலும் கூர்மையடைகிறது. அதே டெல்லி மாநகரில் 2023 செப்டம்பரில் ஜி-20 உச்சிமாநாடு நடைபெற்றபோது, சாலையோரக் குடிசைப் பகுதிகள் சில பச்சைத் திரைகளால் மறைக்கப்பட்டன. விருந்தினர் வருமுன் வீட்டைச் சீர்செய்வது நம் மரபுதானே என்று சிலர் கூறக்கூடும். சீர்செய்வது மரபு, வீட்டிலிருப்பவரை அறைக்குள் அடைத்துவிட்டு விருந்தினரை வரவேற்பது எந்த மரபு? சுவருக்கு நாணமில்லை, மூடினால் அது வருந்தாது. திரைக்குப் பின்னால் இருந்தவர்களோ, தாங்கள் காணத்தகாதவர்கள் என்னும் தீர்ப்பை ஒருவரும் வாய்திறந்து சொல்லாமலே பெற்றுக்கொண்டார்கள். விருந்தினரின் கண்ணிலிருந்து மறைத்ததைவிட, அன்றாடம் அவ்வழியே சென்றுவரும் நம் கண்ணிலிருந்து மறைத்ததே பெரிய தீங்கென்று எண்ணுகிறேன். காணாததற்கு யார் பொறுப்பேற்பார்?

ஆதலின் அன்பர் தாராளமாகக் கொடி நடலாம். முதலில் கண்ணாடிச் சில்லுகளை உடைத்தெடுத்துவிடட்டும். பின்னர், மழை நன்றாகப் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் சுவரை நெடுகப் பார்த்துவரட்டும். சுற்றிலும் காய்ந்த பின்னரும் ஈரம் எங்கே கோடாகத் தங்கியிருக்கிறதோ, அங்கேதான் வெடிப்பு இருக்கக்கூடும். அதனைக் கலவை கொண்டு அடைத்து, உலர விட்ட பிறகு கம்பி கட்டலாம். சுவரின் மறுபக்கம் அண்டை வீட்டாருடையது. கொடி அங்கும் இறங்கும் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது.